ஃபில்லர் ஊசி: முதல்முறை போட்டுக்கொள்பவர்களுக்கு

நாற்பது தாண்டி, ஒரு வழியாக உடம்பைக் குறைத்தேன். உடம்பு குறைந்ததோடு கன்னமும் போய்விட்டது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, சுகர் கிகர் வந்துடுச்சா?" என்று கேட்டார். அன்று ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு விரலால் கன்னத்தை மேலே தூக்கிப் பார்த்தேன். ஃபில்லர் பற்றித் தேட ஆரம்பித்தது அப்படித்தான். தேடலுக்கும் ஊசிக்கும் நடுவே ஆறு மாதம் ஓடிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் ஸ்கின் டாக்டர்களிடம் கேட்டும், ஏற்கனவே போட்டுக்கொண்ட தோழிகளிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் முகத்துக்கு எது சரி என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

முதலில், உங்கள் குறை கோடா, பள்ளமா, கறுப்பா?

போடாக்ஸையும் ஃபில்லரையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். போடாக்ஸ் தசையைச் சில மாதம் ஓய்வெடுக்க வைக்கும். புருவத்தைச் சுருக்கும்போதும் சிரிக்கும்போதும் விழுகிற கோடுகளுக்கு அது. ஃபில்லர் என்பது தோலுக்கு அடியில் வைக்கும் ஜெல். வற்றிப்போன இடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. ஒட்டிய கன்னம், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு, மெலிந்த உதடு, கண்ணடிப் பள்ளம் இவற்றுக்கு ஃபில்லர். நெற்றிக்கோட்டைக் காட்டி ஃபில்லர் கேட்டால் நல்ல டாக்டர் உங்களைத் திருத்துவார். திருத்தாமல் உடனே தலையாட்டுகிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

கருவளையத்தில்தான் நம் ஊரில் பணம் அதிகம் வீணாகிறது. நம் தோலில் கண்ணைச் சுற்றி வரும் கறுப்பு பல பேருக்கு நிறமிதான். நிறமியை ஜெல்லால் நிரப்ப முடியாது. வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். கண்ணாடி முன் நின்று, மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக வெளிச்சம் விழும்படி வையுங்கள். கறுப்பு பெருமளவு மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். அப்படியே இருந்தால் நிறமி, அல்லது மெல்லிய தோல் வழியாகத் தெரியும் ரத்தக்குழாய். இது முடிவான தீர்ப்பு இல்லை என்றாலும், டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கும். கண்ணடி இன்னொரு வகையிலும் வம்பு பிடித்த இடம். அங்கே ஜெல்லை மேலாக வைத்துவிட்டால் தோலுக்கடியில் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். முதல் ஊசியை அந்த இடத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சிரிஞ்சுக்குள் இருப்பது என்ன?

இன்று பெரும்பாலும் போடுவது ஹயலூரானிக் ஆசிட் ஜெல். ஆசிட் என்றதும் பயப்பட வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்தான் அது. சைவக்காரத் தோழி ஒருத்தி இது எதிலிருந்து வருகிறது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. 1981-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற ஃபில்லர் மாட்டுக் கொலாஜன்; அதைப் போடும் முன் கையில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. ஹயலூரானிக் ஆசிடையும் ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போதைய தயாரிப்புகள் பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து, புளிக்கவைக்கும் முறையில் எடுத்துச் சுத்திகரித்தவை. 2003 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்டிலேன் அந்த வகை. 2006-இல் ஜுவிடெர்ம் வந்தது.

இந்த ஜெல்லைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், இதற்கு ஒரு முறிமருந்து உண்டு. ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை அதே இடத்தில் ஊசியாகப் போட்டால் ஜெல் கரைந்துவிடும். பிடிக்கவில்லை என்றாலும் கரைக்கலாம், ஆபத்து என்றாலும் கரைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி லாக்டிக் ஆசிட் போன்ற மற்ற வகைகளுக்கு இப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது. அவை மட்டம் என்று சொல்லவில்லை. முதல்முறை போடுபவருக்கு வேண்டாம் என்கிறேன். "பெர்மனென்ட் ஃபில்லர், ஒரே செலவு" என்று யாராவது சொன்னால் அதையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். முகம் வயதோடு மாறிக்கொண்டே போகும், அந்த ஜெல் மாறாது. திரவ சிலிக்கானை அழகுக்காக முகத்தில் ஏற்ற, மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதிக்கவே இல்லை. ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லை உள்ளே தள்ளும் 'ஹயலூரான் பென்' கருவியைப் பற்றி 2021-இல் அதே எஃப்டிஏ எச்சரித்தது. ஆன்லைனில் வாங்கி வீட்டில் செய்துகொள்ளும் சமாசாரம் அது. தயவுசெய்து வேண்டாம்.

எவ்வளவு நாள் நிற்கும்? பொருளையும் இடத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை என்பார்கள். அசைவு அதிகமுள்ள உதட்டில் சீக்கிரம் குறையும், கன்னத்தில் நின்று பேசும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் உள்ளே எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் மிச்சமிருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது. "குறைஞ்சிட்ட மாதிரி இருக்கே" என்று அடிக்கடி மேலே மேலே ஏற்றிக்கொள்பவர்கள் முகம் உப்பிப்போவது இதனால்தான்.

யார் கையில் முகத்தைக் கொடுப்பது?

பிராண்டைத் தேடுவதில் செலவழித்த நேரத்தில் பாதியை நான் டாக்டரைத் தேடுவதில் செலவழித்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனி ஜெல் என்பது இரண்டாவது கேள்விதான்.

காரணம் இதுதான். முகம் முழுக்க ரத்தக்குழாய்கள். ஊசி முனை ஒரு தமனிக்குள் போய் ஜெல் அங்கே இறங்கிவிட்டால் ரத்த ஓட்டம் அடைபடும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல் செத்துப்போகலாம். நாம் பொட்டு வைக்கும் இடமும் மூக்கும் மிக ஆபத்தான இடங்கள். அங்குள்ள குழாய்களுக்குக் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்பு இருக்கிறது. அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. பார்லரில் ஃபேஷியலோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும் விஷயம் இது இல்லை என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

படிப்பைப் பாருங்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்றவை முறையான சிறப்புப் படிப்புகள். சில நாள் வகுப்பில் வாங்கிய 'காஸ்மெட்டாலஜி' சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் அதற்கு மயங்க வேண்டாம். டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் மருந்துச் சீட்டைப் பாருங்கள், அதிலேயே எண் அச்சாகியிருக்க வேண்டும். அப்புறம், கன்சல்டேஷனில் பேசுபவரே ஊசியும் போடுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேசியது ஒருவர், போட்டது இன்னொருவர் என்று ஒரு தோழிக்கு நடந்தது.

கேள்விகளில் எனக்கு மிகவும் உதவியது ஒன்று: "ஹயலூரோனிடேஸ் இப்போ கிளினிக்ல இருக்கா டாக்டர்? பார்க்கலாமா?" நான் கடைசியில் தேர்ந்தெடுத்த டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து சின்ன மருந்துக் குப்பிகளைக் காட்டி, காலாவதித் தேதியையும் விரலால் தொட்டுக் காட்டினார். "வேணும்னா வாங்கிக்கலாம், பக்கத்து மெடிக்கல்ல கிடைக்கும்" என்ற பதிலும் எனக்கு ஓரிடத்தில் கிடைத்தது. அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். குழாய் அடைபட்ட பிறகு மெடிக்கலுக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது.

கன்சல்டேஷன்

நான் போன முதல் கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டருக்கு முன்னால் ஒரு 'கவுன்சலர்' உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் போனில் படம் எடுத்து, கன்னம், தாடை, உதடு, முகவாய் என்று நான் கேட்காததையெல்லாம் சேர்த்து நான்கு சிரிஞ்ச் கணக்குப் போட்டார். இன்றே முன்பணம் கட்டினால் ஒரு சிரிஞ்சுக்குத் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கலாம், முகம் எடுக்கக் கூடாது. முதல் நாளே பணம் கட்டாதீர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசியுங்கள்.

அளவு பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஒரு சிரிஞ்சில் வழக்கமாக 1 மில்லி இருக்கும், சிலவற்றில் அதைவிடக் குறைவு. டீஸ்பூன் என்பது 5 மில்லி. அதாவது ஐந்து சிரிஞ்ச் சேர்ந்தால்தான் ஒரு டீஸ்பூன். இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு சிரிஞ்ச் போட்டால் உலகமே திரும்பிப் பார்க்காது. முதல்முறைக்கு அதுதான் நல்லது. குறைவாகப் போட்டு, ஒரு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் சேர்க்கலாம்.

செலவை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சிரிஞ்சுக்கு எவ்வளவு, மிச்சமிருந்தால் என்ன செய்வார்கள், டச்-அப்புக்குத் தனிக் கட்டணமா, கரைக்க வேண்டி வந்தால் யார் செலவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவச் சேவைக்கான வரிவிலக்கு கிடையாது. மிச்ச ஜெல்லை ஃபிரிட்ஜில் வைத்துப் பிறகு போடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திறந்த சிரிஞ்ச் அன்றோடு சரி.

டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சர்க்கரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய், தழும்பு புடைத்து வளரும் கெலாய்டு சுபாவம், மரத்துப்போகும் மருந்துக்கு ஒவ்வாமை, குளவி, தேனீ கொட்டி உடம்பு முழுக்கத் தடித்த அனுபவம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். குளவிக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முழித்தேன். அவற்றின் விஷத்திலும் ஹயலூரோனிடேஸ் இருக்கிறது, அதனால் முறிமருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று டாக்டர் விளக்கினார். ஏற்கனவே ஃபில்லர் போட்டிருந்தால் எப்போது, எந்த வகை என்பதையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் வரும்போதெல்லாம் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்புமே, அது உங்களுக்கு உண்டென்றால் உதட்டு ஊசி அதைத் தூண்டிவிடலாம். முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள்.

காலேஜ் படிக்கும் பெண்ணுக்காகக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்டிஏ இந்த ஜெல்களை அனுமதித்திருப்பது 22 வயது நிரம்பியவர்களுக்குத்தான். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அழகுக்காகப் போடுவதே 2021 அக்டோபர் முதல் குற்றம்.

தேதி குறிப்பது

விசேஷத்தை வைத்துத் தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள். வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்க இரண்டு வாரம் ஆகலாம். ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு வாரம். ஆக, முகூர்த்தத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு. கல்யாணப் பெண் என்றால் இன்னும் தள்ளியே வைக்கலாம். நலங்கு வைக்கும்போது அத்தைமார்கள் சந்தனத்தையும் மஞ்சளையும் கன்னத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். புதிதாகப் போட்ட ஜெல்லுக்கு அந்தத் தேய்ப்பு ஆகாது. அவர்களிடம் காரணம் சொல்லவும் முடியாது!

பல் வேலை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பல் சுத்தம் செய்தாலே வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து ஜெல்லைச் சென்று சேரலாம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு வார இடைவெளி விடச் சொல்வார்கள். தடுப்பூசிக்கும் அதே கணக்கு. முகத்தில் சீழ் வைத்த பரு, சளி, காய்ச்சல், பல் வீக்கம் எது இருந்தாலும் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

போட்ட மறுநாள் வெளியூர் கிளம்புகிற மாதிரியும் வைக்காதீர்கள். ஏதாவது ஆனால் அந்த டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுவிட்டு, ஞாயிறு கிளினிக் பூட்டியிருப்பதும் அதே கதைதான். நான் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொண்டேன். செவ்வாயோ என்று அம்மா முனகினார்.

முந்தைய வாரம்

ரத்தக்கட்டைக் குறைப்பதுதான் இந்த வாரத்தின் வேலை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு காப்ஸ்யூல், ஜின்கோ மூலிகை மாத்திரை எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வது வழக்கம். தலைவலி வந்தால் பாராசிட்டமால் போதும். ஆனால் இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்குப் பிறகோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தானாக நிறுத்தவே கூடாது. அதை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். அதற்குப் பதில் கொஞ்சம் நீலம் பாய்ந்தால் பாய்ந்துவிட்டுப் போகட்டும்.

மதுப்பழக்கம் இருந்தால் ஊசிக்கு முந்தின நாள் வேண்டாம். த்ரெடிங், வாக்சிங், ப்ளீச் எல்லாம் சில நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

அன்று

வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மேக்கப் இல்லாமல் போங்கள். பொட்டும் மூக்குத்தியும் கழற்றும்படி இருந்தால் நல்லது. வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முழு ஹெல்மெட் இரண்டு கன்னத்தையும் எப்படி அழுத்தும் என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வாருங்கள்.

முன்பக்கம், இரு பக்கவாட்டு என்று படம் எடுப்பார்கள். உங்கள் போனிலும் ஒரு தொகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். சீல் உடையாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியாவுக்கு முறையாக வந்த பொருளில் இவை இருக்கும். பைக்குள் போட்டுக் கொண்டுவந்த பொருளில் இருக்காது. உள்ளே பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று அவர்கள் ஃபைலுக்கு, ஒன்று உங்களுக்கு.

எனக்கு முகத்தைத் துடைத்து, மரத்துப்போகும் கிரீம் தடவி அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, வெள்ளைப் பென்சிலால் கன்னத்தில் புள்ளி வைத்தார் டாக்டர். கோலப் புள்ளி மாதிரி நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம். படுத்தால் கன்னம் இடம் மாறிவிடும், அதனால்தான் உட்கார்ந்தபடி குறிப்பது. எனக்குப் போட்டது பாதி ஊசி, பாதி மழுங்கிய முனையுள்ள கேனுலா. கேனுலாவில் குழாயைக் குத்தும் வாய்ப்பு குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வலி எறும்புக் கடி அளவுதான். ஆனால் உள்ளே ஏதோ நறநறவென்று நகரும் சத்தம் காதுக்குள் கேட்டது. அதை யாரும் முன்பே சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஒவ்வொரு இடம் முடிந்ததும் அவர் விரலால் தோலை அழுத்தி எடுத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படிப் பார்க்கிற டாக்டர் கிடைத்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் இரண்டு நாள் வீக்கம் ஏறும். உதட்டில் போட்டவர்கள் மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்து அழுவதுண்டு, மூன்றாம் நாள் சிரிப்பார்கள். துணியில் சுற்றிய ஐஸை அழுத்தாமல் வைக்கலாம். தலையணையை உயர்த்தி மல்லாந்து படுங்கள். இரண்டு நாளுக்கு ஜிம், கடும் வெயில், குடி வேண்டாம். ஆவி பிடிப்பதும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் அப்படியே. ஃபேஷியல், மசாஜுக்கு இரண்டு வாரம் விடுமுறை. கட்டி மாதிரி தட்டுப்பட்டால் டாக்டர் சொல்லாமல் நீங்களே பிசைய வேண்டாம்.

இனி சொல்வதைக் கிளம்பும் முன்பே வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். நேரம் ஆக ஆகக் கூடும் கடும் வலி, தோல் வெளுத்துப் போவது, வலை பின்னியது போல் ஊதா நிறத்தில் திட்டுகள், ஊசி போட்ட இடத்துக்குத் தள்ளிச் சிறு கொப்புளங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில் வெளுப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. அழுத்தி எடுத்துப் பாருங்கள், மறு கன்னத்தோடு ஒப்பிட்டால் புரியும். பார்வை மங்கினாலோ, கண் வலித்தாலோ, வாய் கோணினாலோ கிளினிக்கில் போன் எடுக்கும்வரை காத்திருக்காமல் கண் சிகிச்சையும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். போகிற வழியில் டாக்டரைக் கூப்பிடுங்கள். அதனால்தான் அவருடைய நேரடி எண்ணை அன்றே வாங்கிக்கொள்ளச் சொல்வேன். ரிசப்ஷன் எண் ராத்திரியில் உதவாது.

வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட அந்த இடம் திடீரென்று வீங்கிச் சிவக்கலாம், பெரும்பாலும் ஏதாவது காய்ச்சலுக்கோ பல் தொற்றுக்கோ பிறகு. அப்போது சிகிச்சை செய்வதற்கும் கரைப்பதற்கும் உள்ளே இருப்பது எந்த ஜெல் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு எட்டாவது மாதம் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை வந்தது. பல் டாக்டர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ஏதாவது செஞ்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்த அந்தப் பேட்ச் ஸ்டிக்கரை எடுத்து நீட்டினேன்.